செம்பு கொடுத்து வெள்ளி வாங்கும் கலை

இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் தேவதானம். சிறுவனாக இருந்தபோது அங்கே ஒரு பொற்கொல்லரின் பட்டறை வாசலில் நின்று நெடுநேரம் வேடிக்கை பார்த்திருக்கிறேன். பட்டறை மூலையில் ஒரு பீங்கான் கிண்ணம் இருக்கும். அதில் ஏறக்குறைய நிறமற்ற ஒரு கரைசல். ஆசாரி அதில் ஒரு செம்புத் தகட்டைப் போடுவார். சற்று நேரத்தில் தகட்டின்மேல் சாம்பல் நிறத்தில் பாசி போன்று ஏதோ படரும். கரைசல் மெல்ல மெல்ல நீலமாகும். "பாசி இல்லை தம்பி, அத்தனையும் வெள்ளி" என்பார். வெள்ளியை வடித்து எடுத்தபின், நீல நீரைக் கொல்லையில் வேப்பமரத்தடியில் ஊற்றிவிடுவார். அந்த இடத்தில் புல் முளைத்து நான் கண்டதில்லை.

வெள்ளி எவ்வாறு வந்தது என்பது கல்லூரியில் படித்தபோது விளங்கியது. புல் ஏன் முளைக்கவில்லை என்று கேட்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. பழைய கைபேசிகளிலிருந்தும் கணினிகளிலிருந்தும் தங்கமும் வெள்ளியும் பிரிக்கும் தொழில் பெருகிவரும் இந்நாளில், இவ்விரு கேள்விகளையும் ஒன்றாகவே கேட்க வேண்டியிருக்கிறது.

கிண்ணத்தில் நடந்தது என்ன?

பழைய நகையில் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். அதை நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளியும் செம்பும் கரைய வேண்டும், தங்கம் கரையாது. ஆனால் தங்கம் மிகுதியாக இருந்தால், அதுவே மற்ற உலோகங்களைப் போர்வைபோல் மூடிக்கொள்ளும். அமிலம் உள்ளே புக முடியாது. ஆகவே ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி என்னும் அளவில் உருக்கிச் சேர்த்து, பிறகு அமிலத்தில் இடுவார்கள். தங்கம் பழுப்புத் தூளாக அடியில் தங்கும். வெள்ளி முழுவதும் கரைசலில் இருக்கும். அதை மீட்கவே செம்புத் தகடு.

உலோகங்கள் எலக்ட்ரான்களை விட்டுக்கொடுப்பதில் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. இதை மின்முனை அழுத்தம் என்னும் அளவால் குறிக்கிறோம். வெள்ளிக்கு அது 0.80 வோல்ட், செம்புக்கு 0.34 வோல்ட். அளவு குறைந்த உலோகம் எளிதில் எலக்ட்ரானை இழக்கும். எனவே செம்பு தன் எலக்ட்ரான்களை வெள்ளி அயனிகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைசலுக்குள் இறங்குகிறது. வெள்ளி உலோகமாக வெளியே வருகிறது. ஒரு கிராம் செம்பு கரைந்தால் ஏறத்தாழ 3.4 கிராம் வெள்ளி கிடைக்கும். ஆதாயமான பண்டமாற்றுதான்! ஆனால் அந்தச் செம்பு மறைந்துவிடவில்லை. நீல நிறமாக அது நீரிலேயே இருக்கிறது.

கடைச்சரக்கிலிருந்து பிறந்த அமிலம்

இக்கலையின் வரலாறு நீண்டது. கி.பி. 1300-ஐ ஒட்டி, 'கெபர்' என்ற பெயரில் ஐரோப்பாவில் வழங்கிய இலத்தீன் நூல்களில் நைட்ரிக் அமிலம் செய்யும் முறை காணப்படுகிறது. துத்தம், வெடியுப்பு, படிகாரம் ஆகியவற்றைச் சேர்த்து வாலையில் வடிப்பதே அம்முறை. அவ்வமிலத்துடன் நவச்சாரம் சேர்த்தால் தங்கமும் கரையும் என்பதையும் அந்நூல்கள் கூறின. இதுவே இராஜதிராவகம். 1556-இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூல், அமிலத்தால் தங்கத்தையும் வெள்ளியையும் பிரிக்கும் முறையை விரிவாக விளக்குகிறது.

நம் நாட்டில், அக்பரின் நாணயச்சாலையில் நடந்தவற்றை அபுல் ஃபசல் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'அயினி அக்பரி'யில் எழுதிவைத்தார். அங்கே கையாண்டது அமிலமன்று. தங்கத் தகடுகளின்மேல் உப்பும் செங்கல் தூளும் கலந்து பூசி, சாண வறட்டி நெருப்பில் புடமிட்டனர். தங்கத்தில் இருந்த வெள்ளி சாம்பலுக்குள் சென்றுவிடும். அச்சாம்பலை அவர்கள் கொட்டிவிடவில்லை. அதிலிருந்து வெள்ளியை மீட்டனர். பட்டறைக் குப்பையைக் கூட்டி அரித்து உலோகம் எடுப்பதற்கென்றே 'நியாரியா' எனப்பட்டோர் இருந்தனர். மதிப்புள்ளது எதுவோ அது வீணாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கரைந்தது அழிந்ததன்று என்பதற்கு இயற்பியல் உலகிலேயே ஒரு சான்று உண்டு. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தது. நீல்ஸ் போர் நிறுவிய ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் ஃபான் லவே, ஜேம்ஸ் ஃபிராங்க் ஆகியோரின் நோபல் பதக்கங்கள் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தன. அவை பிடிபடக்கூடாதென்று ஹெவெசி என்ற வேதியியலறிஞர் அவற்றை இராஜதிராவகத்தில் கரைத்துவிட்டார். போர் முடியும்வரை அக்குப்பி அலமாரியில் இருந்தது. பின்னர் அத்தங்கம் மீட்கப்பட்டு, மீண்டும் பதக்கங்களாக வார்க்கப்பட்டது.

புதிய சுரங்கம்

தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது. அதன் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் தங்கமே கிடைத்தது. மின்கலம் நீக்கிய ஒரு டன் பழைய கைபேசிகளிலோ சுமார் 300 கிராம் தங்கம் இருக்கலாம். இணைப்பு முனைகளில் மெல்லிய தங்கப் பூச்சு, சில்லுகளுக்குள் மயிரிழை போன்ற தங்கக் கம்பி, பற்றவைப்புகளில் வெள்ளி, மின்தேக்கிகளில் பல்லேடியம் என அவை பரவிக்கிடக்கின்றன. 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடு மட்டுமே.

எஞ்சியவற்றில் ஒரு பகுதி டெல்லியின் சீலம்பூர், உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களின் சிறு கூடங்களுக்குச் சென்றது. அங்கே நடந்தது நம் ஆசாரியின் கலையேதான், அளவுதான் வேறு. கிண்ணத்துக்குப் பதில் பீப்பாய். மொராதாபாத்தில் மின்சுற்றுப் பலகைகளை எரித்த சாம்பலை இராமகங்கைக் கரையில் கழுவினர்.

நைட்ரிக் அமிலம் உலோகத்தைத் தின்னும்போது செம்பழுப்பு நிறத்தில் ஒரு வாயு எழும். அது நைட்ரஜன் டைஆக்சைடு. சுவாசித்த உடனே பெரிய துன்பம் தெரியாமலும் போகலாம். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிரையே பறிக்கவும் கூடும். ஆகவே வாசகர் எவரும் இதை வீட்டில் முயலவே கூடாது.

நீல நீரின் கணக்கு

இனி, புல் முளைக்காத கேள்விக்கு வருவோம். அமிலமும் செம்பும் மண்ணுக்குள் இறங்கினால் வேர் பிழைக்காது. மின்னணுக் கழிவானால் ஈயமும் சேர்ந்து இறங்கும். மழை பெய்தால் அது ஓடைக்கும் கண்மாய்க்கும் போகும்.

இதற்கு வழியில்லையா? உண்டு. இரும்பின் மின்முனை அழுத்தம் மைனஸ் 0.44 வோல்ட். செம்பு வெள்ளிக்குச் செய்ததை இரும்பு செம்புக்குச் செய்யும். நீல நீரில் பழைய இரும்பைப் போட்டால் செம்பு வெளியே வரும். சீனத்தில் சோங் அரசர்கள் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டிலேயே, இம்முறையில் பெருமளவு செம்பு எடுத்தார்கள். மீதி நீரைச் சுண்ணாம்பிட்டு அமிலம் போக்கி, படியும் கசடைத் தனியே பாதுகாக்கலாம். வெள்ளிக்காகச் செம்பைப் போடுகிறவர் செம்புக்காக இரும்பைப் போடாததற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. வெள்ளியின் விலைக்கு முன் செம்பின் விலை அற்பம், கண்மாய் நீருக்கோ அவர் கணக்கில் விலையே இல்லை.

பெல்ஜியத்தின் ஹோபோகனிலும் சுவீடனின் ரோன்ஷாரிலும் உள்ள பெரிய ஆலைகள், எழும் வாயுவைத் தூய்மை செய்த பின்பே வெளியே விடுகின்றன. உருகிய செம்பு தங்கத்தையும் வெள்ளியையும் தன்னுள் ஈர்த்துக்கொள்ளும். பிறகு, எல்கிங்டன் 1865-இல் காப்புரிமை பெற்ற மின்பகுப்பு முறையில் செம்பைத் தூய்மை செய்தால், விலையுயர்ந்த உலோகங்கள் தொட்டியின் அடியில் சேறாகப் படியும். நம் நாட்டிலும் மின்னணுக் கழிவுக்கான விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் செயற்படுகின்றன. பழைய கைபேசியை உரிமம் பெற்ற நிலையத்தில் சேர்ப்பது நம்மால் ஆகக்கூடியது.

தங்கத்தைப் பிரிக்கும் வித்தையை மனிதன் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கற்றுக்கொண்டான். பிரித்தபின் மிஞ்சும் நீருக்குக் கணக்கு வைப்பதை இப்போதுதான் கற்றுவருகிறான். பழைய பொருளிலிருந்து தங்கம் எடுக்கிறோம் என்று யாரேனும் பெருமையாகச் சொன்னால், எவ்வளவு கிடைத்தது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த நீல நீரை எங்கே ஊற்றினீர்கள் என்றும் கேளுங்கள்.