நிறச்செறிவின் வரலாறு: வெல்வியா முதல் ரா கோப்பு வரை

டிஜிட்டல் கேமரா வந்த பிறகுதான் புகைப்படங்களில் நிறம் எல்லை மீறியது என்று பலர் நம்புகிறார்கள். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. மிகைநிறம் பிலிம் காலத்திலேயே ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. எவ்வளவு நிறம் வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை பிலிம் தயாரித்த வேதியியலாளரிடமிருந்து படம் எடுப்பவரின் கைக்கு வந்ததே டிஜிட்டலால் நேர்ந்த மாற்றம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கோடாக் நிறுவன ஆய்வாளர் டேவிட் மக்காடம், படத்தில் மக்கள் விரும்பும் தோல்நிறம் அசலோடு அச்சாகப் பொருந்துவதில்லை என்று 1951இல் எழுதினார். அதே நிறுவனத்தின் பார்ட்டில்சன் 1960இல் புல், வானம், மணல் போன்ற பழகிய பொருள்களின் நிறத்தை நினைவிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லிச் சோதித்தார். பெரும்பாலும் அசலைவிடச் செறிவான நிறமே தேர்வாயிற்று. ஒரு படத்தை ‘இயல்பாக இருக்கிறது’ என்று பாராட்டும்போது நாம் ஒப்பிடுவது நேரில் கண்ட காட்சியோடா, அதன் நினைவோடா என்ற ஐயத்தை இந்த முடிவுகள் எழுப்புகின்றன. நினைவோடுதான் என்பது என் கருத்து.

இந்த விருப்பத்தை முழுமையாக நிறைவேற்றிய பிலிம், ஃபியூஜி 1990இல் வெளியிட்ட வெல்வியா. வண்ணப் பிலிமின் ஓர் அடுக்கு உருத்துலங்கும்போது வெளிப்படும் வேதிப்பொருள் பக்கத்து அடுக்கின் உருத்துலக்கத்தைத் தடுக்கும்படி செய்யலாம். அதனால் நிறங்களுக்கிடையிலான வேறுபாடு கூடும். வெல்வியாவில் புல்லின் பச்சையும் மாலை வானத்தின் சிவப்பும் கொழுந்துவிட்டன. முகங்களோ சிவந்துபோயின; ஆகவே உருவப்படக்காரர்கள் ஒதுங்கினார்கள், நிலக்காட்சிக் கலைஞர்கள் கொண்டாடினார்கள். கோடாக்கின் கோடாக்ரோம் பிலிமைக் கழுவத் தனி ஆய்வுக்கூடம் வேண்டியிருந்தது. வெல்வியாவுக்கு எங்கும் கிடைத்த ஈ-6 கழுவல் முறையே போதுமானதாக இருந்தது. அதன் பரவலுக்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வண்ண வடிப்பான் அமைப்பே இன்றைய டிஜிட்டல் கேமரா சென்சார்கள் பலவற்றின் அடிப்படை. அதன் சிவப்பு, பச்சை, நீல வடிப்பான்கள் விடும் ஒளியின் அலைநீளங்கள் ஓரளவு ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. எனவே சென்சாரின் பதிவு அப்படியே பார்த்தால் மங்கலாகத் தெரியும். ஒரு நிறத்தின் மதிப்பிலிருந்து மற்ற நிறங்களின் ஒரு பங்கைக் கழித்துத்தான் மென்பொருள் செறிவைக் கூட்டுகிறது. கைபடாத டிஜிட்டல் நிறம் என்று ஒன்று கிடையாது. இந்த விவாதத்தில் அதிகம் மறக்கப்படுவது இதுதான்.

தயாரிப்பாளர்கள் இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். கேனன் 2005இல், கேமராவிலேயே நிறத் தோற்றத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் படப்பாணிகளை அறிமுகப்படுத்தியது. அவற்றில் ‘ஃபெய்த்ஃபுல்’ என்பது, 5200 கெல்வின் ஒளியில் அளவீட்டின்படி அசல் நிறத்தோடு பொருந்துவது. அந்தப் படம் மங்கலாக இருக்கும் என்று கேனனின் கையேடுகளே எச்சரித்தன. அன்று கேமராவோடு இயல்பாக வந்தது அதைவிடத் துலக்கமான ‘ஸ்டாண்டர்ட்’. 2007இல் வந்த லைட்ரூம் மென்பொருளின் ‘வைப்ரன்ஸ்’ வசதி இன்னும் நுட்பமானது: வெளிறிய நிறங்களை அதிகம் உயர்த்தும், தோல்நிறத்தைக் காக்கும். வெல்வியாவின் பெரிய குறைக்கு அதில் விடை இருந்தது.

மிகைநிறத்தை ரசனைக் குற்றமாகக் கருத நான் தயாரில்லை. ஆனால் அதன் ஒரு விளைவை அளந்தே காட்டலாம். 1996இல் உருவான எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில் ஒரு நிறத்தின் உச்சம் 255. செறிவைக் கூட்டும்போது செம்பருத்தியின் சிவப்பு அந்த உச்சத்தில் முட்டினால், இதழின் நரம்பும் மடிப்பும் ஒரே தட்டையான பரப்பாகிவிடும். ஜேபெக்காக மட்டும் சேமித்தவருக்கு அவை மீளா. சென்சாரின் பதிவை மாற்றாமல் சேமிக்கும் ரா கோப்பில், பதிவின்போதே சென்சார் நிரம்பியிருக்காவிட்டால், அவை அப்படியே இருக்கும்.