நந்தனமும் ஒலிம்பிக் போட்டிகளும்

சென்னை நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி அமைந்துள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரிக்கு இந்திய ஒலிம்பிக் வரலாற்றில் முக்கிய இடம் உண்டு. புத்தகக் காட்சிக்காக அந்த மைதானத்திற்குப் பலமுறை சென்றவர்கள்கூட இதை அறிந்திருப்பதில்லை.

கல்லூரியை 1920ஆம் ஆண்டு நிறுவியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1919இல் மனைவி மேரியுடன் சென்னைக்கு வந்தவர். அக்காலப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் படை அணிவகுப்பைப் போன்ற 'டிரில்' மட்டுமே. விளையாட்டும் கல்வியின் ஒரு பகுதி, அதைக் கற்பிக்கவும் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்பது பக்கின் கொள்கை. (பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்திற்குத் தாரை வார்க்கும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன என்பது வேறு கதை.) தமிழகப் பள்ளிகளில் பணியாற்றிய உடற்பயிற்சி ஆசிரியர்களில் பலர் இங்குப் பயின்றவர்களே.

1924 பாரிஸ்

1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்கு இந்திய வீரர்களை அனுப்ப முன்முயற்சி எடுத்தவர் தொழிலதிபர் தோராப்ஜி டாட்டா. ஆனால் ஊர் ஊராகச் சென்று வீரர்களைத் தேர்ந்தெடுக்கவும், விதிமுறைகளின்படி போட்டி நடத்தவும் ஆட்கள் தேவைப்பட்டனர். ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்வி இயக்குநர்கள் அந்தக் குறையைப் போக்கினர். அவர்களுள் டாக்டர் நோரென், பக் ஆகிய இருவரும் முதன்மையானவர்கள். 1924 பிப்ரவரியில் டெல்லியில் நடைபெற்ற அகில இந்தியப் போட்டியில் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கான தடகள வீரர்கள் தேர்வாயினர். அந்த அணிக்கு மேலாளராகச் சென்றவர் பக்.

அணியில் இருந்தவர்களில் நமக்கு நெருக்கமானவர் சி.கே. லட்சுமணன். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கண்ணூர்க்காரர். பாரிசில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். பதக்கம் கிடைக்கவில்லை. பின்னாளில் மருத்துவராகி, இந்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார்.

அந்தப் பாரிஸ் ஒலிம்பிக்கே விந்தையானது. கொலோம்ப் விளையாட்டரங்கின் அருகே வீரர்கள் தங்க மரக்குடில்கள் கட்டப்பட்டன. இன்றைய ஒலிம்பிக் கிராமத்தின் முன்னோடி இதுவே. ஓவியம், இலக்கியம், இசை ஆகியவற்றுக்கும் அப்போது பதக்கங்கள் உண்டு! 1912 முதல் 1948 வரை இந்த வழக்கம் இருந்தது. அயர்லாந்து பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் 1924இல் ஜாக் யேட்ஸ் என்ற ஓவியருக்குக் கிடைத்த வெள்ளிப் பதக்கம்தான். மாறாக, பண்டைக் கிரேக்க மரபு என்று பலர் நம்பும் தீப்பந்த ஓட்டம் அப்போது கிடையாது. அது 1936 பெர்லின் ஒலிம்பிக்கில்தான் தொடங்கியது.

பாரிசிலிருந்து திரும்பிய பின் நடந்த வேலை அதைவிடப் பெரிது என்பேன். பக்கும் நோரெனும் மாகாணங்கள்தோறும் பயணம் செய்து ஒலிம்பிக் சங்கங்கள் அமைய உதவினர். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. டாட்டா தலைவர், நோரென் செயலாளர். மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் ஜெய்பால் சிங் தலைமையில் சென்ற இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. அந்த வெற்றியைப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. ஊர் ஊராக ரயிலேறிச் சங்கம் அமைத்தவர்களைச் சொல்வதில்லை. பக் 1943இல் காலமானார்.

பின்னர்

இந்திய அளவிலான போட்டிகள் தொடக்கத்தில் 'இந்திய ஒலிம்பிக் விளையாட்டுகள்' என்றே அழைக்கப்பட்டன. 1932இல் அவை சென்னையில் நடைபெற்றன. தேசிய விளையாட்டுப் போட்டி என்ற பெயர் அதற்குப் பிறகே வந்தது.

பல நாடுகள் பங்கேற்ற போட்டி ஒன்றைச் சென்னை நடத்தியது 1995 டிசம்பரில். ஏழு நாடுகள் கலந்துகொண்ட ஏழாவது தெற்காசிய விளையாட்டுப் போட்டி அது. வேளச்சேரி நீச்சல் குள வளாகம் அதற்காகக் கட்டப்பட்டதே. நகரின் பெயர் 1996இல்தான் அதிகாரபூர்வமாக மாறியது என்பதால், தெற்காசியப் போட்டிகளின் பட்டியலில் அவ்வூர் இன்றும் 'மெட்ராஸ்' என்றே காணப்படுகிறது.