விதானையாரின் கடிதமும் பொலிஸின் கோப்பும்

வேலை தேடத் தொடங்கின ஆருக்கும் இந்த ரெண்டு கடதாசிகளும் தெரிஞ்சிருக்கும். ஒண்டு, கிராம அலுவலர் எழுதிப் பிரதேச செயலாளர் மேலொப்பம் வைக்கிற வதிவிட, நற்சான்றுப் பத்திரம். மற்றது, வெளிநாட்டு வேலைக்கோ விசாவுக்கோ பொலிஸ் தலைமையகம் தருகிற சான்றிதழ், எங்கட பேச்சில ‘பொலிஸ் ரிப்போர்ட்’. ரெண்டும் ‘இவரை நம்பலாமா?’ எண்ட ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லுற மாதிரி இருக்கு. ஆனால் ரெண்டும் வந்த வழி வேற.

கிராம அலுவலரின் படிவத்தை ஒருக்கா நிதானமா வாசிச்சுப் பாருங்கோ. விண்ணப்பதாரரை நேரில தெரியுமா, எவ்வளவு காலமாத் தெரியும், நீதிமன்றம் எப்பவாவது குற்றவாளியாகக் கண்டதா, குணம் எப்படி எண்டெல்லாம் கேட்டிருக்கும். இது முகம் பார்த்துச் சொல்லுற சாட்சி. 1963 இல் ஒழிக்கப்பட்ட ஊர்த்தலைமைக்காரர் முறையின் மிச்சம் அதில இருக்கு. அதனாலதான் எங்கட அம்மம்மாமார் இப்பவும் ஜீ.எஸ்ஸை ‘விதானையார்’ எண்டே சொல்லுகினம். பழைய விதானைமார் பெரும்பாலும் ஊரில காணியும் சாதிச் செல்வாக்கும் இருந்த குடும்பங்களில இருந்து வந்தவை. அவையிட்ட ‘நல்ல பெடியன்’ எண்டு பெயர் எடுக்கிறது ஆருக்கு லேசு, ஆருக்குக் கஷ்டம் எண்டு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

மற்றக் கடதாசிக்குப் பின்னால இருக்கிறது கோப்பு. அதின்ர கதையில 1871 முக்கியமான வருசம். இங்கிலாந்தில் அந்த வருசம் வந்த குற்றத் தடுப்புச் சட்டம், தண்டனை பெற்றவர்களுக்குப் பதிவேடு வைக்கச் சொன்னது. இந்தியாவில் அதே வருசம் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. அது தனி ஆட்களை விட்டுவிட்டு முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாப் பதிந்தது. இலங்கையிலோ, அதே 1871 இல் வீட்டு வேலையாட்களைப் பதியும் கட்டளைச் சட்டம். சமையல்காரர், வண்டிக்காரர், குதிரைக்காரர், தோட்டக் கூலி எல்லாரும் பதிய வேணும். ஆளுக்கொரு சிறு பதிவேட்டுப் புத்தகம். எங்க வேலை செய்தது, ஏன் விலகினது, நடத்தை எப்படி எண்டது அதில ஏறும். எசமானைப் பற்றி வேலையாள் எழுத ஒரு பக்கமும் இல்லை! வேலைக்கு வாறவரை முதலில சந்தேகி, பிறகு சேர் எண்ட பழக்கம் எங்கட நாட்டில எழுத்தில வந்தது இப்படித்தான்.

பெயரை மாத்தினால் புத்தகம் ஏமாந்துபோகும். அந்த ஓட்டையை அடைச்சது கைரேகை. வங்காளத்தில் 1858 இலேயே வில்லியம் ஹெர்ஷல் ஒரு ஒப்பந்தத்தில் உள்ளங்கை அச்சு வாங்கினவர். ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறையைக் கல்கத்தாவில் உருவாக்க உழைச்சவை அசிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். உலகம் அதை அவையின் மேலதிகாரி ஹென்றியின் பெயரால் கூப்பிடுது. (இது தனிக் கட்டுரைக்குரிய அநியாயம்.) தமிழ்நாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சனங்கள் ‘ரேகைச் சட்டம்’ எண்டே சொன்னார்கள். உசிலம்பட்டிக்குக் கிட்ட பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அண்டு, ரேகை வைக்க மறுத்து நிண்ட பிரமலைக் கள்ளர்கள் மேல பொலிஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள்.

எங்கட இடத்துக்கு வருவம். யுத்த காலத்தில் கொழும்பில் அறை எடுத்த தமிழருக்குப் பொலிஸ் பதிவு எண்டால் என்னெண்டு வீட்டில கேட்டால் சொல்லுவினம். 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், வழக்கே இல்லாமல் 18 மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்க இடம் கொடுத்தது. 2022 இன் திருத்தம் அதை 12 மாதமாக்கினது. குற்றச்சாட்டே இல்லாமல் உள்ள இருந்து வெளியில வந்தவை எத்தனையோ பேர். அவையில ஒருவர் வேலைப் படிவத்தில ‘குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டீர்களா?’ எண்ட கேள்வியைக் கண்டு கை நடுங்கி ‘ஆம்’ போடக் கூடாது. கைது, குற்றச்சாட்டு, தீர்ப்பு மூண்டும் மூண்டு. தீர்ப்பைப் பற்றிக் கேட்டால் தீர்ப்பைப் பற்றி மட்டும் பதில் சொல்லுங்கோ. சில விசாப் படிவங்கள் கைதையும் தனியாக் கேட்கும். அங்க மறைக்கிறதுதான் பிறகு பிரச்சினையாகும். 1979 இன் குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 306 ஆம் பிரிவில், குற்றம் நிரூபணமானாலும் வயசு, முந்தைய நடத்தை, விசயத்தின் சிறுமை பார்த்து, குற்றத்தீர்ப்புப் பதியாமலே நீதிமன்றம் ஒருவரை விடலாம். அப்படி விடப்பட்டவர் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்து வைக்க வேணும். விடுதலையானவரும் அப்படித்தான்.

இன்னொண்டு, சின்ன விசயம் எண்டு விடாதேங்கோ. தலைமையகம் நீங்கள் குடுத்த விலாசங்களுக்குரிய பொலிஸ் நிலையங்களிட்டக் கேட்டுத்தான் பதில் எழுதும். பிறப்புப் பத்திரத்தில ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில இன்னொண்டு, பாஸ்போட்டில மூண்டாவது எண்டு இருந்தால் கோப்பு தடுமாறும். தமிழ்ப் பெயரை இங்கிலிசில எழுதுற எங்களுக்கு இது சாதாரணம். முதல்லயே ஒத்துப் பாருங்கோ.

பதிவேட்டைத் தொடங்கின இங்கிலாந்து 1974 இல் இன்னொரு சட்டம் கொண்டு வந்தது. குறிப்பிட்ட காலம் திரும்பக் குற்றம் செய்யாமல் இருந்தால், சில பாரதூரமான தண்டனைகள் தவிர, பழைய தண்டனை தீர்ந்ததாகக் கணக்கு; பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லவே தேவையில்லை. எங்கட 1871 கட்டளைச் சட்டமோ, நடைமுறையில ஆரும் தேடாமல் போன பிறகும், இந்த நூற்றாண்டிலயும் சட்டப் புத்தகத்தில அப்படியே கிடந்தது.