கலம் என்றால் கப்பலா?

குன்றத்தூரில் டிராவல்ஸ் நடத்தும் நண்பர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் பஸ் விடுகிறவர், லெட்டர்பேடு அடிக்கும்போது கேட்டார்: "ஃப்ளீட்டுக்குத் தமிழ்ல என்ன சார்?" கடற்படை, கப்பற்படை எல்லாம் சண்டைக்குப் போகிற சொற்கள், இவர் பஸ்கள் கம்பெனி கேட்டோடு நின்றுவிடும். சோழர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்த்துச் சொல்வதாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதலில் ராஜேந்திரன். 1025-ஐ ஒட்டி நடந்த கடாரப் படையெடுப்புக்கு நம் சரித்திரப் புத்தகங்கள் பெரிய கடற்படையையே கட்டிக்கொடுத்திருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருப்பதோ 'பலகலம்'. எண்ணிக்கை இல்லை, கூட்டத்துக்கென்று தனிப்பெயரும் இல்லை.

கலம் லேசுப்பட்ட சொல் அல்ல. கப்பலும் கலம், சாப்பிடும் பாத்திரமும் கலம், 12 மரக்கால் நெல்லும் கலம். இதில்தான் அடுத்த சிக்கல்.

சோமங்கலம் தாண்டி மணிமங்கலம் போனேன். ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜாதிராஜனின் 29-வது ஆட்சியாண்டுக் கல்வெட்டு. அதன் மெய்க்கீர்த்தியில் சேர நாட்டுக் காந்தளூர்ச்சாலையில் 'கலமறுத்த' செய்தி வருகிறது. பாட்டன் ராஜராஜன் காலத்திலேயே புகழ்பெற்ற தொடர். இதைப் பதிப்பித்த ஹுல்ஷ் 'கப்பல்களை அழித்து' என்று மொழிபெயர்த்தார். சேரர் கப்பல் கூட்டம் அழிந்த கதை அப்படித்தான் நிலைத்தது.

ஆனால் 866-ஆம் ஆண்டு பார்த்திவசேகரபுரம் செப்பேடு வேறு சாட்சி சொல்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் காந்தளூர் முறைப்படியே அங்கே ஒரு சாலை வைத்தான். சாலை என்றால் தெரு இல்லை. சோறிட்டுப் படிப்பிக்கும் இடம். படித்த சட்டர் 95 பேர். அவர்களுக்கான இடத்தை ஏடு எண்ணும் விதத்தைப் பாருங்கள்: வேதப் பிரிவு வாரியாக, பவிழியருக்குக் கலம் 45, தைத்திரியருக்கு 36, தலவகாரருக்கு 14. கூட்டினால் சரியாக 95. இங்கே கலம் மிதக்கவில்லை. ஒரு மாணவனுக்கு ஒரு கலம், சோற்றுக் கணக்கு.

கப்பல் கட்சிக்கும் ஒரு பிடி உண்டு. ராஜாதிராஜன் மெய்க்கீர்த்தி காந்தளூரை 'வேலைகெழு' என்கிறது. வேலை என்றால் கடல். எனக்கு அது போதவில்லை. அந்த அடைமொழி ஊருக்குத்தான், கலத்துக்கு அல்ல. கடற்கரை ஊரிலும் சாப்பாட்டுத் தட்டு இருக்கும்தானே! அறுத்தது சோற்றுக் கலம் என்றால், ஒரு கப்பற்படையே தட்டுக்குள் மூழ்கிவிடுகிறது.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "26 வண்டி ஓடுதுன்னே போட்டுடறேன் சார்" என்றார்.