கோச்சியில் வேலை செய்த மூத்தவாப்பாவைப் பழைய சென்சஸில் தேடலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

"எங்கட மூத்தவாப்பா ரயில்வேயில இருந்தவர்" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. என்ன வேலை, எந்த ஸ்டேஷன், எந்த வருஷம் என்று கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இப்போது இதைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். "பழைய சென்சஸில் பார்க்கலாமே சேர்" என்று நம்மிடமும் கேட்கிறார்கள். அவர்களுக்கு எழுதிய பதிலை எல்லோருக்குமாக இங்கே தருகிறோம்.

அந்தப் பிள்ளைகள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரித்தானியாவில் குடிசன மதிப்பீட்டுப் படிவங்களை 100 வருடம் கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அங்கே 1921இல் எடுத்த கணக்கு 2022 ஜனவரியில் வெளியானது. ஒரு வீட்டில் இருந்தவர்களின் பெயர், வயது, தொழில், யாரிடம் வேலை செய்தார் என்பது வரை அதில் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் 1871இல் முதலாவது குடிசன மதிப்பீடு நடந்தது. பிறகு பத்து வருடத்துக்கு ஒரு தடவை எடுத்தார்கள். 1901ஆம் ஆண்டுக் கணக்கை நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1911ஆம் ஆண்டுக் கணக்கைப் பற்றி டென்ஹாம் எழுதிய அறிக்கை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கும் நூல். ஆனால் இவை எல்லாம் அட்டவணைகள். எந்த மாவட்டத்தில் எத்தனை பேர், என்ன இனம், என்ன மதம், எந்தத் தொழில் என்ற எண்ணிக்கை இருக்கும். ஆட்களின் பெயர் இருக்காது. மூத்தவாப்பா அந்தக் கூட்டுத்தொகைக்குள் ஒருவராக இருப்பார். அவரைத் தனியே பிரித்துக் காட்ட அந்தப் பக்கத்தால் முடியாது.

நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கல்ஓயாச் சந்தியிலிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகத் திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல். மட்டக்களப்புப் பாதை 1928இல் திறந்தது. 1921ஆம் ஆண்டுக் கணக்கு அதற்கு முந்தியது. 1931இல் உலகப் பொருளாதார மந்தம். செலவைக் குறைக்க முழுக் கணக்கெடுப்பைச் சில இடங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். 1941இல் எடுத்திருக்க வேண்டியது யுத்தத்தால் தள்ளிப்போய் 1946இல்தான் நடந்தது. ஆக, நம் பாதையில் கோச்சி ஓடிய முதல் இருபது வருடம் இரண்டு முழுக் கணக்குகளுக்கு நடுவில் விழுந்துவிட்டது. தண்டவாளம் போட்டவர், பாயின்ட்ஸ்மனாக நின்றவர், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது ஸ்டேஷனில் கடமையில் இருந்தவர் எல்லோரும் அந்த இடைவெளிக்குள்தான்.

அப்படியானால் சென்சஸ் பயனில்லையா? இருக்கிறது. வீட்டுக் கதையைச் சரிபார்க்க அது நல்ல அளவுகோல்.

ஒன்று, காலம். "1915இல் ரயில்வேயில் இருந்தார்" என்று வீட்டில் சொன்னால், அது திருகோணமலையாக இருக்க முடியாது. வடக்குப் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை போனது. தலைமன்னார்ப் பாதை 1914இல் வந்தது. அங்கே எங்காவது வேலை செய்திருப்பார். தேடலை அந்த மாவட்டத்துக்குத் திருப்ப வேண்டும்.

இரண்டு, இனப் பிரிவு. 1911இலிருந்து இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள். மலாயருக்குத் தனிப் பிரிவு. காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ வந்து இங்கே கலியாணம் முடித்த குடும்பமென்றால் எந்தப் பிரிவில் பதிந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். மற்றப் பத்திரங்களைத் தேடும்போதும் இது உதவும்.

மூன்று, யாரிடம் வேலை. கடற்படைத் தளத்தில் வேலை செய்தவரையும் பிள்ளைகள் "வெள்ளைக்காரன்ட வேலை" என்று ரயில்வேயோடு சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். ரயில்வே இலங்கை அரசாங்கத்தின் திணைக்களம். கடற்படைத் தளம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. இரண்டின் பத்திரங்களும் வேறு வேறு இடம்.

பெயரோடு தேட வேண்டுமானால் முதலில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். மூத்தவாப்பாவுடையதைத் தேடாதீர்கள், அவருடைய பிள்ளைகளுடையதைத் தேடுங்கள். பழைய பத்திரத்தில் தந்தையின் பதவி அல்லது தொழில் என்று ஒரு கூடு இருக்கும். ஐந்து பிள்ளைகள் என்றால் ஐந்து வருடங்களில் அவர் என்ன வேலை, எந்த ஊர் என்று ஐந்து தடவை எழுதப்பட்டிருக்கும். ஒரு சென்சஸை விட இது மேல். இலக்கம் தெரியாவிட்டால் உத்தேசத் திகதியைக் கொடுத்துப் பிரதேச செயலகத்தில் தேடக் கேட்கலாம். அடுத்தது நிக்காஹ் பதிவு. பிறகு ஓய்வூதியக் கோவை. ஆசிரியர்களாகிய நமக்கும் சம்பளத்தில் கழிக்கிறார்களே, விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம், அது 1898ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. நிரந்தர உத்தியோகத்தர் என்றால் மனைவி, பிள்ளைகளின் விபரமும் கிடைக்கக்கூடும். நாட்கூலியாக இருந்தவருக்கு இது இருக்காது. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய வர்த்தமானிகளும் நீலப் புத்தகங்களும் இருக்கின்றன. அவற்றில் பெரிய உத்தியோகத்தர்களின் பெயர்களே அதிகம்.

தேடும்போது பெயரில் கவனம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; வாப்பாவின் பெயர்தான் முன்னுக்கு வரும். ஒரே மீராசாய்புவை ஆங்கிலத்தில் மூன்று கிளாக்கர் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். லெப்பை, மரைக்கார் ஒரு பத்திரத்தில் இருக்கும், மற்றதில் இருக்காது. பெயரை மட்டும் நம்பாமல் ஊரையும் மனைவியின் பெயரையும் ஒப்பிடுங்கள்.

கிடைக்கும் பதிலுக்கும் மனதைத் தயார் செய்யுங்கள். "ஸ்டேஷன் மாஸ்டர்" என்று சொல்லி வளர்ந்த வீட்டில் பத்திரம் "போர்ட்டர்" என்று காட்டலாம், "கேங் கூலி" என்றும் காட்டலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. காட்டுக்குள் காய்ச்சலோடு சிலிப்பர் கட்டை சுமந்தவனின் ஹலாலான சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

இவ்வளவும் ஏன் சொல்கிறோம் என்றால், நம் காலத்திலும் அதே இடைவெளி விழுந்திருக்கிறது. 1981க்குப் பிறகு 2001இல் எடுத்த கணக்கைத் திருகோணமலையில் முழுமையாக நடத்த முடியவில்லை. 2012இல்தான் முழுக் கணக்கு. அந்த 31 வருடத்துக்குள் இடப்பெயர்வுகளும் 2004 சுனாமியும் 2006 மூதூரும் வந்து போயின. எத்தனை வீட்டு அலுமாரிகள் பத்திரங்களோடு போயின என்று உங்களுக்கே தெரியும். மிச்சமிருப்பவை உம்மாமாரின் பெட்டிகளில்தான் இருக்கின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தக் கிழமையே அந்தப் பெட்டியைத் திறந்து பத்திரங்களைப் போனில் படம் பிடித்து, குடும்பத்தில் மூன்று பேரிடமாவது கொடுத்து வையுங்கள். அடையாள அட்டை இலக்கம் தெரியும் படங்களை முகநூலில் போடாதீர்கள். மூத்தம்மா இருந்தால் பக்கத்தில் இருந்து கேட்டு, திகதி போட்டு எழுதுங்கள். ஓ.எல். பிள்ளைகளுக்கு இதை விட நல்ல வரலாற்று ஒப்படை இல்லை.

உங்கள் வீட்டில் ரயில்வேயில் இருந்தவர் என்ன வேலை, எந்த ஸ்டேஷன் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் இன்றே கேளுங்கள். அல்லாஹ் நம் முன்னோர்களின் உழைப்பைக் கபூல் செய்வானாக. வஸ்ஸலாம்.