குறிஞ்சியின் யாமமும் ராதாரிச் சீட்டும்

குறிஞ்சித் திணைக்கு யாமத்தைச் சிறுபொழுதாக வகுத்தார் தொல்காப்பியர். அத்திணைப் பாடல்களில் இரவுக்குறி பற்றியவற்றை ஒருங்கே வைத்துப் படிப்போர்க்கு, இரவு என்பது எத்துணைக் காவலுக்குட்பட்ட பொழுது என்பது விளங்கும். தலைவன் வரும் வழியில் யானையும் புலியும் உள்ளன, ஊரில் காவலர் துஞ்சார், நாய் குரைக்கும், நிலவு எறித்துக் காட்டிக்கொடுக்கும், இவையெல்லாம் அடங்கினும் அன்னை கண்துயிலாள். இவ்வளவு தடைகளுக்கு இடையிலும் அந்த இரவு குறிஞ்சி மக்களுக்கே உரியதாக இருந்தது. அம்மக்களுள் தலையாயோராக இலக்கியம் காட்டும் குறவரின் பெயரைத் தாங்கிய ஒரு சமூகத்தார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தாம் இரவில் எங்குத் தலைசாய்ப்பது என்பதைக் காவல் நிலையப் பதிவேடு கூற வேண்டிய நிலைக்கு வந்தனர். அவர்தம் குழந்தைகளையும் அச்சட்டம் விட்டுவைக்கவில்லை.

இளையோரை இரவில் வீட்டுக்குள் நிறுத்தும் முறை தமிழ் மரபுக்குப் புதிதன்று. அகத்துறைகளுள் இற்செறிப்பு ஒன்று. மகளின் மேனியில் புதுப்பொலிவு கண்ட தாய், காரணம் இன்னதென்று கேளாமலே அவளைப் புறம்போகாது இல்லத்துள் வைப்பாள். கந்தபுராணத்தின் வள்ளி திருமணக் கதை இத்துறையையே நடுவாகக் கொண்டது. தினைப்புனம் காத்த வள்ளி, கதிர் கொய்தபின் சிறுகுடிக்கு அழைத்துச் செல்லப்பட்டு மனையகத்தே இருக்கிறாள். முருகன் நள்ளிரவில் வருகிறான். தோழி துணைசெய்ய இருவரும் ஊர்நீங்குகின்றனர். விடிந்ததும் நம்பியும் வேடரும் தேடித் தொடர்கின்றனர். திருமணத்திற்குப் பின் இறைவன் வள்ளியோடு வந்து தங்கிய மலையாகக் கச்சியப்பர் பாடுவது செருத்தணி, இன்றைய திருத்தணி. ஆக, தணிகைமலையின் தலபுராணத்துக்குள்ளேயே ஒரு குறமகளின் இரவுக்காவலும் அதன் மீறலும் அடங்கியுள்ளன. மீறியவளைத் தெய்வமாக்கியது மரபு. தாயின் காவலுக்கு ஓர் எல்லை உண்டு. அறத்தொடு நின்றால் கதவு திறக்கும். அரசின் காவலில் அறத்தொடு நிற்கத் தோழி இல்லை.

ஊரடங்கு என்னும் சொல் ஊர் தானே அடங்கும் பொழுதைக் குறித்துப் பின்னரே ஊரை அடக்கும் ஆணையைக் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தில் வழங்கும் 'கர்ஃபியூ'வின் மூலம், நெருப்பை மூடுக என்னும் பொருள்தரும் பழைய பிரெஞ்சுத் தொடர். மாலை மணி ஒலித்ததும் அடுப்பை மூடித் தீவிபத்தைத் தவிர்த்தல் அதன் நோக்கம். இது எல்லார்க்கும் பொது. சிறுவர்க்கு மட்டும் இரவுத்தடை விதிக்கும் நகரச் சட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பெருகின. அவை நூறாண்டு கழித்து, 1990களில் மீண்டும் புத்துயிர் பெற்றன. இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பத்து வயதுக்குட்பட்டோர்க்கு இத்தகைய தடை விதிக்கும் உரிமையை உள்ளூர் மன்றங்களுக்கு வழங்கியது. இந்தியாவில் ஊர்தோறும் இவ்வகைச் சட்டம் எழவில்லை என்று எண்ணுவோர் உண்டு. வயதை முதன்மையாக வைத்து எழவில்லை என்பதே சரி. இங்குப் பிறப்பை முதலில் வைத்தனர்; வயது அதன்பின் வந்தது.

சென்னை மாகாணத்தில் குறவரும் தெலுங்கு வழங்கும் பகுதியின் எருகுலரும் நெடுங்காலம் உப்பும் தானியமும் சுமந்து கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே வணிகம் செய்தவர்கள். கழுதையும் பொதிமாடும் அவர்தம் ஊர்தி. கூடை முடைதலும் குறிசொல்லுதலும் துணைத்தொழில். எருகுலர் என்னும் பெயரையே தெலுங்கில் அறிவு, குறி எனப் பொருள்படும் 'எருக' என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துவர். அவர்கள் தம்முள் பேசும் மொழி தமிழோடு நெருங்கிய உறவுடையது என்பது திருத்தணி வட்டாரம் போன்ற இருமொழி எல்லையில் வாழ்வோர் எளிதில் உணரத்தக்கது. 1856இல் இராயபுரத்திலிருந்து இருப்புப்பாதை புறப்பட்டது. பின்னர் அரக்கோணத்தில் பிரிந்து திருத்தணி வழியே ரேணிகுண்டாவை நோக்கியும் ஒரு பாதை சென்றது. பொதிமாடு சுமந்ததை வண்டித்தொடர் சுமந்தது. உப்பின்மீது அரசு இறுக்கிய பிடியும், 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சமும், காட்டுக்குள் மேய்ச்சலையும் மூங்கில் வெட்டுதலையும் கட்டுப்படுத்திய வனச்சட்டமும் எஞ்சிய பிழைப்பையும் முடக்கின. குறவர் வரலாற்றை ஆராய்ந்த மீனா ராதாகிருஷ்ணா இக்காரணங்களை விரிவாக விளக்கியுள்ளார். வணிகம் போனபின்னும் அலைதல் நிற்கவில்லை. காரணமின்றி அலைவோராக ஆட்சியாளர் கண்ணுக்கு அவர்கள் தோன்றியது அப்போதுதான்.

குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871இல் வட இந்தியாவுக்கு இயற்றப்பட்டது. 1911இல் அது திருத்தி எழுதப்பட்டு நாடு முழுமைக்கும் நீட்டப்பட்டபோது சென்னை மாகாணமும் அதற்குள் வந்தது. அதே 1911இல்தான் வட ஆர்க்காட்டிலிருந்து பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது; திருத்தணி அதனுள் அடங்கிற்று. அடுத்தடுத்த அறிவிக்கைகளால் குறவர், எருகுலர் ஆகியோரின் பல பிரிவுகள் சட்டத்துக்குள் கொணரப்பட்டன. தெற்கே பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட வேறு சமூகத்தாரும் சேர்க்கப்பட்டனர்.

இச்சட்டத்தின் பத்தாம் பிரிவு நுணுகி நோக்கத்தக்கது. பதிவுசெய்யப்பட்டவர் குறிப்பிட்ட இடைவெளிகளில் நேரில் வந்து தம் இருப்பைத் தெரிவிக்க வேண்டும். அல்லது தம் இருப்பிடத்தையும் அதனை விட்டு நீங்குவதையும் அறிவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அப்பிரிவில் இரவு என்ற சொல் இல்லை. இடைவெளி எவ்வளவு, எந்த நாழிகை என்பன உள்ளூர் விதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் விடப்பட்டன. அவர்கள் அந்த வெற்றிடத்தில் இரவை எழுதினர். இரவு பதினொரு மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் வருகை தர வேண்டும் என்பது பல ஊர்களில் நடைமுறையாயிற்று. வீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் இருமுறை நடப்பதைவிட அங்கேயே படுத்துவிடலாம் என்று ஆடவர் முடிவு செய்ததில் வியப்பில்லை. தந்தையர் சாவடியில் உறங்க, மனைவியரும் மக்களும் குடிசையில் தனித்திருந்தனர். மக்களைக் காப்பதாகச் சொன்ன ஆணை, ஒரு தெருவின் வீடுகளை இரவுதோறும் ஆண்துணையற்றவையாக்கிய முரண் அந்நாளைய அறிக்கைகளில் பெரிதாகப் பேசப்படவில்லை.

வெளியூர் செல்வோர் சீட்டுப் பெற்றாக வேண்டும். மதுரைப் பக்கத்தில் அது ராதாரிச் சீட்டு எனப்பட்டது. 'ராஹ்' என்பது பாரசீகத்தில் வழி. ராதாரி என்பது வழிச்செலவுக்கான உரிமம். மொகலாயர் காலத்துச் சுங்கச் சொல் அது. அதனை மக்கள் ராத்திரிச் சீட்டு என்றே வழங்கினர். ஒலி ஒப்புமையால் விளைந்த திரிபு என்று மொழிநூலார் அமைதி காணலாம். ஆயினும், எழுத்தறியாத மக்கள் அந்தக் காகிதத்தின் உண்மைப் பொருளைத் தம் வாயாலேயே திருத்தி எழுதிவிட்டனர் எனக் கொள்வதே பொருத்தம்.

இனிச் சிறுவர்க்கு வருவோம். 1897ஆம் ஆண்டுத் திருத்தம், நான்கு வயதுக்கு மேல் பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க இடமளித்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் கீழ்வயதை ஆறாக உயர்த்தியது, கருணை அவ்வளவே. பிள்ளை குற்றம் புரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்திருத்தல் போதும். தவறு செய்யாத சிறுவனுக்குத் தவறு செய்யக்கூடும் என்பதற்காகவே விதிக்கப்படும் தடை என்பதே எல்லா இரவுத்தடைச் சட்டங்களின் உட்பொருள். அமெரிக்க நகரங்களில் அந்த ஐயம் பதினெட்டாம் பிறந்தநாளில் நீங்கிவிடும். இங்கே பதினெட்டு நிறைந்தவன் ரேகை பதிக்கும் வரிசைக்கு வந்து சேர்வான்.

1920ஆம் ஆண்டை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவ்வாண்டில் சென்னைக் குழந்தைகள் சட்டம் நிறைவேறிற்று. இந்திய மாகாணங்களுள் இத்தகைய சட்டத்தை முதலில் கொண்டுவந்த பெருமை சென்னைக்குரியது. குழந்தையைப் பெரியவரோடு ஒப்பவைத்துத் தண்டித்தல் ஆகாது. அதன் குற்றத்துக்குச் சூழலே காரணம். திருத்துதலே நோக்கமாக வேண்டும் என்ற கருத்துகள் அதில் இடம்பெற்றன. அதே ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். ஒரே மாகாணம், ஒரே ஆட்சி, ஒரே ஆண்டு. குற்றம் செய்த குழந்தையையும் குழந்தையாகக் காண ஒரு சட்டம். குற்றம் செய்யாத குழந்தையையும் குற்றவாளியின் வித்தாகக் காண மற்றொரு சட்டம்.

குடியேற்றங்களில் இவ்விரண்டாம் நோக்கே ஒழுங்குமுறையாக வளர்ந்தது. குண்டூர்ப் பகுதியில் எருகுலர்க்காக இரட்சணிய சேனை நடத்திய ஸ்டூவர்ட்புரம் அவற்றுள் பெயர்பெற்றது. அரசின் நிர்வாக மன்றத்தில் இருந்த ஹரால்ட் ஸ்டூவர்ட்டின் பெயர் அவ்வூருக்கு இடப்பட்டது. குடியேறியோர் சீராலாவில் இருந்த புகையிலை ஆலைக்குத் தொழிலாளராயினர். வருகைப் பதிவு, வெளிச்செல்லச் சீட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளி என மூன்றும் அங்கே ஒரே கட்டடத்தின் மூன்று தூண்கள். சேனையின் தலைவர்களுள் ஒருவரான பூத்-டக்கர் இப்பணிக்குக் 'கிரிமினோகியூராலஜி' என்று ஒரு பெயரே படைத்தார். குற்றநோய் மருத்துவம் எனலாம். பள்ளிக்கூடம் தந்த எழுத்தறிவு மெய்யான நன்மை என்பதை மறுத்தல் நேர்மையாகாது. அந்த எழுத்தைக் கற்கப் பிள்ளை தன்னை நோயாளியாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் மறத்தற்கில்லை.

கவிஞர்கள் இங்கு ஒன்று கருதத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். குறத்தி தான் கண்ட மலைகளையும் நாடுகளையும் அடுக்கிச் சொல்வது குறவஞ்சி இலக்கியத்தின் உயிர்நாடி. எத்தனை நாடு அலைந்தாளோ அத்தனை பெருமை. அலைந்த அறிவே அவள் குறிக்குச் சான்று. சிங்கியைத் தேடிச் சிங்கனும் ஊரூராய்த் திரிகிறான். அடுத்த இரு நூற்றாண்டுக்குள் அதே ஊர்ப்பட்டியல் காவல் நிலையத்தில் குற்றச்சாட்டாக எழுதப்படும் நிலை வந்தது. குறவஞ்சியைப் பாடநூலாகப் பயின்ற தலைமுறை, சாவடியில் படுத்திருந்த சிங்கன்களைத் தன் தெருவிலேயே கண்டிருக்கக்கூடும். அக்காலத் தமிழ்க் கவிதையில் அந்தச் சாவடி அரிதாகவே தென்படுகிறது.

சட்டம் நீங்கிய வரலாறும் ஒரே நாளில் முடிந்ததன்று. சென்னை மாகாணம் 1947இல் அதனை நீக்கியது. தெற்கே முத்துராமலிங்கத் தேவர், ப. ஜீவானந்தம் முதலியோர் நடத்திய கிளர்ச்சிகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. நாடளவில் ஆராய 1949இல் அமைந்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார். திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்து, பின்னாளில் மக்களவைத் தலைவராக விளங்கியவர். திருத்தணி அந்நாளில் அவருடைய சித்தூர் மாவட்டத்து ஊர். குழுவின் பரிந்துரைப்படி 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் சட்டம் நீங்கிற்று. ஆயினும், சென்னையில் 1948இலேயே வழக்கக் குற்றவாளிகளுக்கான தடைச்சட்டம் வந்துவிட்டது. சமூகத்தின் பெயர் போய்த் தனியாள் பெயர் வந்தது. பதிவேட்டின் அட்டை மாறிற்று. பழைய சீர்மரபினரை வழக்கக் குற்றவாளிகளாகக் கருதும் சிறை விதிகளை உச்சநீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானவை என்று கூறியது 2024 அக்டோபரில்தான்.

சென்னை தன் சட்டத்தை நீக்கிய அதே 1947இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரம் சிறுவர்க்கு இரவு பத்து மணித் தடை விதித்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1997இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைச் செல்லாதென அறிவித்தது. சும்மா நிற்பதையும் உலவுவதையும் விளையாடுவதையும் கூடத் தடுக்கும் அதன் சொற்கள் தெளிவற்றவை. பிள்ளை வளர்க்கும் பெற்றோர் உரிமையில் அது தலையிடுகிறது என்பவை கூறப்பட்ட காரணங்களுட் சில. பெற்றோர் உரிமை என்னும் அந்தச் சொல்லைத் தணிகைச் சுற்றுப்புறத்தில் எந்தக் குறக்குடும்பமும் முறையீடாக எழுதித் தந்திருக்க வழியில்லை. அவர்கள் பக்கம் சட்டம் பேசிய வழக்கறிஞர் இல்லை; மனு எழுதும் கையும் பெருவிரல் ரேகையாகவே பதிவாகியிருந்தது.

1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி அதனோடு சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும் படாஸ்கர் தீர்ப்பின்படியும் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துக்குத் திரும்பிற்று. தமிழ் இலக்கிய அமைப்புகள் பெருமிதத்தோடு நினைவுகூரும் நாள் அது. எல்லைக்கல் நட்டபோது, ஒரே மொழியின் கிளையைப் பேசிய ஒரே மக்கள் இரு பட்டியல்களில் நின்றனர். கல்லுக்கு வடக்கே எருகுலர் பழங்குடியினர். தெற்கே குறவர் பட்டியல் சாதியினர். அவர்தம் கிளைகள் சில சீர்மரபினர். அக்காள் வடபுறத்தும் தங்கை தென்புறத்தும் வாழ்க்கைப்பட்ட வீடுகளில், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ்கள் இன்றும் வேறு வேறாகவே எழுதப்படுகின்றன.