கப்பலுக்குப் போன பணமும் கழிமுகத்துக்கு வந்த பணமும்: பரங்கிப்பேட்டையை முன்வைத்துக் கடலாய்வு நிதியின் வரலாறு

கடல் பற்றிய அடிப்படை ஆய்வில் சுதந்திர இந்தியா பெரிய அளவில் பங்கேற்ற முதல் கூட்டுமுயற்சி, 1960களின் முதல் பாதியில் நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம். பதின்மூன்றுக்கும் மேற்பட்ட நாடுகள், ஏறத்தாழ 40 கப்பல்கள். இந்தியாவிடம் அப்போது ஆழ்கடல் ஆய்வுக்கென்றே கட்டிய கப்பல் கிடையாது. கடற்படையின் 'கிஸ்ட்னா'வை ஆய்வுக்கு மாற்றி அனுப்பினார்கள். இந்தியப் பங்கேற்பை வழிநடத்தியவர் என்.கே. பணிக்கர். பயணம் முடிந்த கையோடு, 1966 ஜனவரியில், அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் கீழ் தேசியக் கடலாய்வு நிறுவனம் பிறந்தது. ஒரு பயணத்துக்கென ஒதுக்கிய பணம் நிலையான நிறுவனமாக உருக்கொண்டது. இந்திய அறிவியல் நிர்வாகத்தில் இது அடிக்கடி நடப்பதல்ல.

அதே ஆண்டுகளில் சிதம்பரத்துக்கு அருகே வேறொரு வகை நிதி வேலைசெய்துகொண்டிருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா, வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் நிலையத்தை வளர்த்தெடுத்தார். டி.எஸ். கோத்தாரி தலைமையில் இருந்த பல்கலைக்கழக மானியக் குழு, தேர்ந்தெடுத்த துறைகளை உயராய்வு மையங்களாக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, இந்த நிலையமும் அதில் இடம்பெற்றது. அந்த மானியத்தின் அருமை அதன் தொகையில் இல்லை. குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு விடை கேட்காமல், ஒரு துறைக்கே கொடுத்தார்கள். அதனால் மிதவையுயிரி, இறால், நண்டு, உப்புத்தன்மை, பிச்சாவரத்து அலையாத்திக் காடு என்று மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே கழிமுகத்தை ஆராய முடிந்தது. இந்தியாவில் மிகுதியாக ஆராயப்பட்ட கழிமுகங்களில் வெள்ளாறு ஒன்றானது இப்படித்தான்.

1981இல் கடல் மேம்பாட்டுத் துறை தனியாக உருவானதும் நிதியின் போக்கு மாறியது. 1983இல் மேற்கு ஜெர்மனியில் கட்டிய 'சாகர் கன்யா', அடுத்து டென்மார்க்கில் கட்டிய 'சாகர் சம்பதா' என ஆழ்கடல் கப்பல்கள் வந்தன. பல்கலைக்கழகங்களுக்கும் பணம் வந்தது, ஆனால் திட்டம் திட்டமாக: சில ஆண்டுக் காலம், வரையறுத்த இலக்கு, முடிவறிக்கை. கப்பல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பருவமழையின் இயக்கத்தைக் கரையில் நின்று அளக்க முடியாது. கரையில் நின்று மட்டுமே அளக்கக்கூடியதற்கு ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

அந்தக் குறை 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்டது. பரங்கிப்பேட்டை மையத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் அப்பகுதிக் கடற்கரையின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என 2005இல் எழுதினர். கெர், பெயர்ட், காம்ப்பெல் மூவரும் அதே தரவை மறுபடி கணக்கிட்டு, நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே முதன்மைக் காரணங்கள் என்றனர். அலை வருமுன்பே குடியிருப்புகளின் உயரமும் காட்டின் அடர்த்தியும் முறையாக அளந்து வைக்கப்பட்டிருந்தால், விவாதம் இன்னும் உறுதியான தரையில் நடந்திருக்கும். பேரிடர் நடந்தபின் தொடங்கும் எந்தத் திட்டமும் முந்தைய நாளின் அளவைத் தரப்போவதில்லை.

பின்னர் பல்கலைக்கழகமே நிதி நெருக்கடியில் சிக்கியது. 2013இல் தமிழக அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மறுபுறம் தேசியத் தொகைகள் பெருகின. 2021இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஆழ்கடல் திட்டத்தின் மதிப்பீடு ஐந்தாண்டுக்கு 4,077 கோடி ரூபாய். 2023இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்றார்கள். அதில் அரசின் பங்கு 14,000 கோடி, மீதி தொழில்துறை உள்ளிட்ட பிற வழிகளில் வரவேண்டும். கழிமுக நீரின் உப்பைப் பத்தாண்டுக் கணக்கில் அளக்க எந்தத் தொழிற்சாலை பணம் தரும்?

பல்கலைக்கழகங்களின் ஆய்வுத்திறனை உயர்த்துவதும் அறக்கட்டளையின் நோக்கமாகச் சொல்லப்படுகிறது. அது மெய்யானால், அரசின் 14,000 கோடியில் ஒரு சிறு பங்கை, இலக்கும் முடிவறிக்கையும் கேட்காத நெடுங்காலக் கண்காணிப்புக்கென்று பரங்கிப்பேட்டை போன்ற நிலையங்களுக்கு ஒதுக்க வேண்டும்.